இந்நாடே என்றால் எந்த நாடு?

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை, ரங்கூனில் எங்கள் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் தொண்டை கிழியப் பேச வேண்டியிருந்தது. பதினான்கு பிள்ளைகள். பாரதியாரின் ‘எந்தையும் தாயும்’ பாட்டைப் பலகையில் எழுதிப் போட்டு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தேன். பெரும்பாலான வரிகள் ‘இந்நாடே’ என்று வந்து முடிவதால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. மூன்றாவது வரிக்குள் என்னை முந்திக்கொண்டு அவர்களே ‘இந்நாடே’ என்று கத்த ஆரம்பித்தார்கள்.

பத்து வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“சயாமா, இந்நாடுன்னா எந்த நாடு?”

இங்கே ஆசிரியையைப் பிள்ளைகள் பர்மியச் சொல்லில் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பலகையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். இந்தியா என்று சொல்லியிருக்கலாம். பாரதியார் எழுதியது இந்தியாவைத்தான். ஆனால் அந்தப் பிள்ளை இந்தியாவைப் பார்த்ததில்லை, அவள் அப்பாவும் பார்த்ததில்லை, அறுபத்தேழு வயதாகும் நானும் பார்த்ததில்லை. “அடுத்த வாரம் சொல்றேம்மா” என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாரமும் நான் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அந்தப் பாட்டு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா ஆற்றுக்கு அக்கரையில் டலாவில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதினார். பள்ளிக்கூடம் இல்லாத நாள்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் சம்பானில் திரும்பி வரும்போது, துடுப்புப் போடுகிறவரின் வேகத்துக்கு ஏற்றபடி மெதுவாகப் பாடுவார். எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். பாட்டில் வரும் எந்தையும் தாயும் வேறு யார், என் அப்பாவும் அம்மாவும்தான். அவர்கள் மகிழ்ந்து குலாவி இருந்தது எங்கே? ஃப்ரேசர் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், மூன்றாம் மாடியில், எங்கள் வீட்டில். நிலவில் ஆடிக் களித்தது ராயல் லேக் கரையில். பெண்கள் நீர் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போனதாக ஒரு வரி வருமே, அது எனக்குச் சித்திரை மாதத் தண்ணீர்த் திருவிழாதான். தலை முதல் கால்வரை நனைந்து, முகத்தில் பூசிய தனக்காச் சாந்து கரைந்து ஒழுக, அம்மாவும் சித்தியும் சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறி வருவார்கள். கோயில்கள் சூழ்ந்தது என்று வந்தால், ஒரு பக்கம் நம் காளியம்மன் கோபுரம், இன்னொரு பக்கம் ஷ்வேடகோன் புத்த பகோடா. எல்லா வரியும் ரங்கூனுக்குப் பொருந்தியது. பாரதியார் ரங்கூனில் இருந்தவர் என்றே நான் பல வருஷம் நம்பியிருந்தேன்.

அந்தப் பாட்டு எங்கள் குடும்பத்துக்குள் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவின் அப்பாவை நாங்கள் ஐயா என்போம். சிவகங்கைப் பக்கத்திலிருந்து 1924இல் மேஸ்திரி ஒருவர் பிடித்து அனுப்பி, கப்பல் டெக்கில் வந்து இறங்கியவர். மில்லில் மூட்டை தூக்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். தேசபக்திப் பாட்டுப் புத்தகம் ஒன்று, உள்ளங்கை அகலம்தான் இருக்குமாம், அதை யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பாரதியாரின் பாட்டுகள் அப்படித்தான் முதலில் பரவின. அரசியலில் அவருக்கு நேர் எதிரான மிதவாதி வி. கிருஷ்ணசாமி ஐயர், பாட்டைக் கேட்டு மனம் உருகி, 1907இல் 15,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கட்சியைத் தாண்டி மனிதனைத் தொட்ட பாட்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தி இருக்கிறது. பாரதியார் 1921இல் இறந்துவிட்டார். ஏழு வருஷம் கழித்து, 1928இல், அவருடைய பாடல் புத்தகங்களுக்கு முதலில் தடை போட்டது சென்னை அரசாங்கம் இல்லை. பர்மா அரசாங்கம்! அதைப் பின்பற்றித்தான் சென்னையிலும் பறிமுதல் செய்தார்கள். சத்தியமூர்த்தி சட்டசபையில் அதை எதிர்த்து முழங்கினார். எங்கள் ஊரில் மூட்டை தூக்கியும் வண்டி இழுத்தும் பிழைத்த தமிழர்களின் வாயில் இருந்த பாட்டுக்கு ஒரு அரசாங்கம் பயந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஐயா அந்தப் புத்தகத்தை மில்லில் உமிக் குவியலுக்குள் ஒளித்துவைத்தாராம். அரிசி மில்லில் பாய்லருக்கு எரிபொருளே உமிதான். ஒருநாள் ராத்திரி ஷிப்டில் வந்தவர் விஷயம் தெரியாமல் மண்வெட்டியால் அள்ளி அடுப்பில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஐயாவின் நினைவில் இருந்ததுதான் புத்தகம். மனப்பாடமாகப் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்தார். அதில் வரிகள் முன்னே பின்னே மாறியிருந்தன, ஒரு வரி காணாமலே போயிருந்தது. சென்னையிலிருந்து வந்த அச்சுப் புத்தகத்தை நான் பார்த்தது 1980களில்தான். காணாமல் போன வரியை அன்றைக்கு அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். கேட்டுக்கொண்டார். ஆனால் பாடும்போது கடைசிவரைக்கும் ஐயா சொன்னபடியேதான் பாடினார்.

ஐயா அதைப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், சட்டப்படி ரங்கூனும் இந்தியாதான். பிரிட்டிஷ் இந்தியாவில் பர்மா ஒரு மாகாணம். 1937 ஏப்ரல் 1ஆம் தேதிதான் பிரித்தார்கள். அதற்கு முதல் நாள் ராத்திரி மில் வாசலில் நின்று ‘இந்நாடே’ என்று பாடியிருந்தால் அது இந்த நாடு. மறுநாள் காலையில் அதே இடத்தில் நின்று பாடினால் அது அந்த நாடு. ஐயா ஒரு அடிகூட நகரவில்லை.

இனி 1930க்கு வருகிறேன். இதை எழுதுவது எனக்கு லேசான காரியம் இல்லை.

அந்த வருஷ மே மாதத்தை ஐயா ‘ரெண்டு தடவை நிலம் ஆடுன மாசம்’ என்பாராம். 5ஆம் தேதி பெகுவில் பெரிய பூகம்பம். ரங்கூனும் குலுங்கியது. அதே மாதக் கடைசியில் கலவரம். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் பெரும்பாலும் தெலுங்குக் கூலிகள். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியர்களைக் கொண்டுவந்து வேலை வாங்கின. பிறகு பேச்சுவார்த்தை முடிந்து பழைய ஆள்கள் திரும்பியதும், பர்மியர்களிடம் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டன. 26ஆம் தேதி காலையில் துறைமுக வாசலில் இரண்டு ஏழைக் கூட்டங்கள் நேருக்கு நேர் நின்றன. மூண்ட சண்டை நகரம் முழுக்கப் பரவி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதிகம் செத்தது நம் ஆள்கள். பேரம் பேசிய கம்பெனிக்காரர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஐயா, அப்பத்தா, இரண்டு வயதுப் பெரியப்பா மூன்று பேரையும் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கும் ஒரு பர்மியப் பாட்டி தன் வீட்டுப் பரணில் ஏற்றி மூன்று நாள் வைத்திருந்தாள். அப்பா அப்போது அப்பத்தா வயிற்றில். அந்தப் பாட்டியை ஐயா சாகும்வரை ‘அமே’ என்றுதான் கூப்பிட்டார். பர்மிய மொழியில் அம்மா. வாசலில் வந்து கேட்டவர்களிடம், குழம்பு கொதிக்கும் பானைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, “இங்க யாரும் இல்லை, மொஹிங்கா வேணும்னா உக்காருங்க” என்றாளாம்.

அந்தக் கலவரத்தின் சூடு ஆறுவதற்குள்தான் ‘தோபமா’ இயக்கம் பிறந்தது. தோபமா என்றால் நாம் பர்மியர். ‘பர்மா நம் நாடு, பர்மிய எழுத்து நம் எழுத்து, பர்மிய மொழி நம் மொழி’ என்பது அவர்கள் முழக்கம். வெள்ளைக்காரனை அழைக்கப் பயன்பட்ட ‘தக்கின்’, அதாவது எஜமான் என்ற சொல்லை எடுத்துத் தங்கள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். அந்த வருஷமே சயா தின் அவர்களுக்காக ஒரு பாட்டு எழுதினார். தோபமா பாட்டு. 1943இல் ஜப்பான்காரன் காலத்துப் பர்மா அரசுக்கு அதுவே தேசிய கீதமாக இருந்தது. பிறகு அதே மெட்டில் சொற்களை மாற்றி, 1947இல் ‘கபா மச்சே’ என்று இன்றைய தேசிய கீதமாக ஆக்கினார்கள். உலகம் அழியும்வரை என்பது அந்த முதல் சொற்களின் பொருள்.

அமேயின் கடைசி மகன் தக்கின்களோடு சேர்ந்துகொண்டான். பரணில் எங்கள் ஆள்களை ஒளித்துவைத்த அதே வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாடிப் பழகுவானாம். பக்கத்து வீட்டில் ஐயா கேட்டுக்கொண்டிருப்பார். “பயமா இல்லையா?” என்று அப்பா ஒருமுறை ஐயாவிடம் கேட்டிருக்கிறார். “பயம் இல்லாமயா? ஆனா அவன் பாடுறப்ப முகத்தப் பாத்தா, நான் நம்ம பாட்டப் பாடுறப்ப இருக்கிற மாதிரியே இருக்கும்” என்றாராம்.

அந்தப் பையனின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். ரங்கூன் அவர்கள் தலைநகரம், ஆனால் அதில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாமல் நிலம் போய்ப் போய், 1937இல் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. செட்டியாரும் விரும்பி வாங்கிய நிலம் இல்லை, பணம் வராததால் வந்த நிலம். ஆனால் பாட்டன் உழுத வயலைப் பறிகொடுத்தவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? லேவாதேவி செட்டியாரும் மூட்டை தூக்கும் ஐயாவும் அவன் கண்ணுக்கு ஒரே ‘கலா’தான், இந்தியாவிலிருந்து வந்த அந்நியன். பாரதியார் காலத்தில் நாம் வெள்ளைக்காரனைப் பார்த்து எதைப் பாடினோமோ, அதை அவர்கள் வெள்ளைக்காரனையும் நம்மையும் சேர்த்துப் பார்த்துப் பாடினார்கள். கையை விட்டுப் போன மண்ணைப் பற்றித்தான் இந்த மாதிரிப் பாட்டுகள் எல்லாம் வருகின்றன.

மூன்றாவதாகவும் ஒரு பாட்டு எங்கள் வீட்டில் உண்டு. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அராக்கான் வழியாகவும் அசாம் மலை வழியாகவும் நடந்தே போனார்கள். வழியில் எத்தனை பேர் விழுந்தார்களோ! ஐயா நடக்கவில்லை. மூன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது என்று ட்வாண்டே பக்கம் ஒரு கிராமத்தில் போய் ஒதுங்கி, 1943இல் நகரத்துக்குத் திரும்பினார். மறுவருஷம் ஜனவரியில் நேதாஜி தன் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையகத்தை ரங்கூனுக்குக் கொண்டுவந்தார். அப்பாவுக்குப் பதிமூன்று வயது. அதன் சிறுவர் பிரிவான பாலசேனையில் சேர்ந்துவிட்டார்.

‘கதம் கதம் படாயே ஜா.’ ராம் சிங் தாக்கூரி மெட்டமைத்த, அந்த ராணுவத்தின் நடைப்பாட்டு. ஒரு சொல்லுக்கும் அப்பாவுக்குப் பொருள் தெரியாது. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்திருந்த தமிழ்ச் சிப்பாய்களில் பலருக்கும் இந்தி தெரியாது. ஆனால் காலுக்குத் தெரியும் என்பார் அப்பா. இடது வலது, இடது வலது என்று மண்ணை மிதிக்கும்போது நெஞ்சு தானாகவே நிமிரும். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அணிவகுப்புக்குப் பக்கத்திலேயே ஓடுவாராம். சிப்பாய்களில் ஒருவரின் பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம், மலாயாத் தோட்டத்திலேயே பிறந்து பால் வெட்டியவர். தண்ணீர் குடித்துவிட்டு, “ஊர்ல போய்ப் பாப்போம் தம்பி” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். இருவருக்கும் ஊர் என்பது கேள்விப்பட்ட இடம்தான். இம்பால் போர்முனையிலிருந்து 1944 மழைக்காலத்தில் திரும்பிவந்தவர்கள் பாடவில்லை. அவர்களில் அந்த அண்ணன் இல்லை.

நேதாஜி 1945 ஏப்ரல் 24ஆம் தேதி ராத்திரி ரங்கூனை விட்டுப் போனார். ஐந்தாறு வருஷம் கழித்து, டீக்கடை ரேடியோவில் இந்திய நிலையம் ஒன்றில் ‘ஜன கண மன’ வந்தது. அப்பா அதைக் கேட்டதும் டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டாராம். அவருக்கு அது ‘சுப் சுக் செயின்’. அதே பாட்டை இந்துஸ்தானியில் ஆக்கித்தான் நேதாஜியின் அரசு தன் தேசிய கீதமாக வைத்திருந்தது. கடையில் வேறு யாரும் எழவில்லை. பாட்டு முடியும்வரை தனியாக நின்றேன் என்று சொல்லும்போது அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கும்.

என் காலம் இதற்குப் பிறகு. 1964 மார்ச்சில் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். மே மாதம் 50, 100 ச்யாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெரியப்பாவின் துணிக்கடை ஒரே நாளில் போனது. கப்பல் கப்பலாக ஜனங்கள் போனார்கள். பெரியப்பா குடும்பமும் கிளம்பியது. ஆளுக்கு ஒரு பெட்டி, கழுத்தில் ஒன்றும் இல்லை. அப்பாவும் போவதா வேண்டாமா என்று ஒரு மாதம் பேச்சு நடந்தது. அப்பத்தாதான் முடித்துவைத்தார். “உங்கய்யா சாம்பல் இந்த ஆத்துலதான கெடக்கு. அந்த மனுசனத் தனியா விட்டுட்டு நான் எங்கிட்டுப் போறது?” அதோடு பேச்சு நின்றது. பெரியப்பாவைக் கப்பல்துறையில் வழியனுப்பிவிட்டுத் திரும்பிவந்த அன்றைக்குப் பிறகு, அப்பா ‘எந்தையும் தாயும்’ பாடியதை நான் பல வருஷம் கேட்கவில்லை.

அந்த வருஷம்தான் நான் பள்ளிக்கூடம் சேர்ந்தேன். தினமும் காலையில் வரிசையில் நின்று கபா மச்சே. ‘தா தோ பியீ, தா தோ மியே’ என்று ஒரு இடம் வரும். இது நம் நாடு, இது நம் மண். அந்த இடத்தில் மெட்டு மேலே ஏறும். பாடி முடிந்ததும் எல்லோரும் தலை குனிந்து வணங்க வேண்டும். இங்கே அது வழக்கம். எனக்கு அந்தப் பாட்டு உயிர். வீட்டில் மாடிப்படியில் உட்கார்ந்து பாடுவேன். ஒருநாள் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் இழுக்காமல் விட்ட ஒரு இடத்தை இழுத்துப் பாடிக்காட்டினார். “உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?” என்றேன். “பக்கத்து வீட்டு அண்ணன் பாடினது. உன் வயசுல கேட்டது” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பாட்டு எந்த மாதத்தின் சூட்டிலிருந்து வந்தது என்று நான் தெரிந்துகொண்டபோது எனக்கு இருபது வயது. ஒரு பர்மியப் புத்தகத்தில் தற்செயலாகப் படித்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பதினான்கு வருஷமாக நெஞ்சு நிறைய நான் பாடிய பாட்டு, என் ஐயாவைப் பரணில் ஏற வைத்த கோபத்தோடு கூடப் பிறந்த பாட்டா? அன்று ராத்திரி அப்பாவைக் கேட்டேன். அப்போதுதான் அமேயின் கதையையும் அவள் மகன் கதையையும் முழுதாகச் சொன்னார். ஆனாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிறகு வேலைக்குப் போன இடத்திலும் விழாக்களிலும் நான் எழுந்து நிற்பேன், உதடு அசையும், குரல் வராது. பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படி இருந்தேன்.

நடுவில் 1982இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. முழுக் குடிமக்களுக்கு ரோஸ் நிற அட்டை, இணைக் குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை பெற்றவர்களுக்குப் பச்சை. எனக்கு நீலம். ஒரு மேசைக்கு முன்னால் நான் நின்றபோது, “உன் பாட்டனுக்குப் பாட்டன் எங்கே பிறந்தார்?” என்று ஒருவர் கேட்டார். சிவகங்கைப் பக்கம் என்றேன். எழுதிக்கொண்டார். கபா மச்சேயில் ‘தோ போ ப்வா அம்வே சிட்’ என்று ஒரு வரி இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் விட்டுப்போன மெய்யான சொத்து என்று பொருள். என் பாட்டன் இந்த ஊர் அரிசியை முப்பத்தைந்து வருஷம் முதுகில் சுமந்தவர், சாம்பலும் இந்த ஆற்றில்தான் கரைந்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் இதே நினைப்புதான்.

மறுபடி எனக்குக் குரல் வந்தது என் மகனால். 1989இல் தேசிய கீதத்தில் ‘பமா’ என்று இருந்த இடத்தை ‘மியன்மா’ என்று மாற்றினார்கள். மகன் பள்ளிக்கூடத்தில் புதிய சொல்லோடு கற்றுக்கொண்டு வந்து, அதே மாடிப்படியில் உட்கார்ந்து பாடினான். சோறு வடித்துக்கொண்டிருந்த நான் என்னை அறியாமல் கூடச் சேர்ந்து பாடிவிட்டேன். என் வாயில் பழைய சொல்தான் வந்தது. “அம்மா, தப்பு!” என்று கத்தினான். முன் அறையில் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, மெட்டு மேலே ஏறும் இடத்தில் தானும் சேர்ந்துகொண்டார். அவர் தோபமா காலத்து வரியைப் பாடினார். மூன்று பேர், மூன்று சொல், ஒரு மெட்டு. அந்தப் பாட்டோடு எனக்கு இருந்த சண்டை அன்றைக்குத்தான் முடிந்தது. கோபத்தில் பிறந்த பாட்டாகவே இருக்கட்டும். எழுபது எண்பது வருஷம் பிள்ளைகள் வாயில் கிடந்து கிடந்து அது வேறு ஒன்றாகிவிட்டது. அமேயின் மகன் வாசலில் பாடினபோதே ஐயா அதில் கொஞ்சத்தைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே போல, அப்பாவும் ‘எந்தையும் தாயும்’ பாட்டை மறுபடி பாட ஆரம்பித்தார், பேரனைத் தூங்கவைக்க.

சரி, நேற்றைய வகுப்புக்கு வருகிறேன்.

கேள்வி கேட்ட பெண் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். மறக்கவில்லை. நான் ஒன்று செய்தேன். பதில் சொல்லாமல், “உங்க அப்பாவும் அம்மாவும் எங்கே ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க? வீட்ல கேட்டிருக்கீங்களா? தெரிஞ்சத எழுதுங்க” என்றேன். எழுதினார்கள். கந்தோஜி ஏரியில் கல்யாணப் போட்டோ எடுத்தபோது. (நான் ராயல் லேக் என்று எழுதினேனே, அதே ஏரிதான்.) தன்லியின் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போனபோது. தீமிதியில் அப்பாவுக்குக் காலில் ஒன்றும் ஆகாதபோது. ஒரு பையன், தங்கச்சி பிறந்த ஆஸ்பத்திரி என்று எழுதினான். ஒரு பெண், எங்கம்மா எங்கயும் சந்தோஷமா இல்ல, ஆனா தண்ணித் திருவிழாவுக்குச் சிரிப்பாங்க என்று எழுதியிருந்தாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

பிறகு, “நீங்க எழுதின எடமெல்லாம் எங்க இருக்கு? அதுதான் இந்நாடு” என்றேன். சின்னப் பிள்ளைகள் மூன்று பேருக்குப் புரியவில்லை. அவர்களுக்குத் தமிழைவிடப் பர்மிய மொழிதான் பழக்கம். ‘இந்நாடே’ என்பதைப் பர்மியத்தில் சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தேன். “தா தோ பியீ” என்று வந்தது. வேறு எந்தச் சொல்லும் வரவில்லை.

கடைசி வரிசையில் ஏழு வயதுப் பையன் ஒருவன் விருட்டென்று எழுந்து விறைப்பாக நின்றான். பள்ளிக்கூடப் பழக்கம். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக அவர்களும் எழுந்தார்கள். சரி, நின்றபடியே பாடுவோம் என்று ‘எந்தையும் தாயும்’ ஆரம்பித்தேன். எங்கள் வீட்டு மெட்டில், சம்பான் வேகத்தில். அந்தப் பாட்டு ‘வணங்கேனோ’ என்று முடியும். முடிந்ததும், யாரும் சொல்லாமலே, பதினான்கு பிள்ளைகளும் தலை குனிந்து வணங்கினார்கள்.